தலைப்பு ஒன்று, கதை வேறு

1942-ல் வந்த 'கேட் பீப்பிள்' வசூலை அள்ளியதும் ஆர்.கே.ஓ. நிறுவனம் தயாரிப்பாளர் வால் லூட்டனிடம் அடுத்த பாகம் கேட்டது. அங்கே அவருக்கு நிபந்தனைகள் கறாரானவை: செலவு 1,50,000 டாலருக்குள், படம் 75 நிமிடத்துக்குள், தலைப்பு நிறுவனம் வைப்பதுதான். 'தி கர்ஸ் ஆஃப் தி கேட் பீப்பிள்' என்று வைத்தார்கள். லூட்டனோ தனிமையில் வாடும் ஒரு சிறுமியின் கதையை எடுத்தார். அவளுக்குத் துணையாக வருவது அப்பாவின் இறந்துபோன முதல் மனைவி ஐரீனா.

வேலை இழுத்தடித்ததால் இயக்குநர் குந்தர் ஃபான் ஃப்ரிட்ச் மாற்றப்பட்டார். படத்தொகுப்பாளர் ராபர்ட் வைஸ் இயக்குநரானது அப்படித்தான். படம் 1944-ல் வெளிவந்தது.

தலையில்லாக் குதிரைவீரன் கதையைக் கேட்ட குழந்தை, பனி இரவில் பாலத்தில் நிற்கிறாள். குளம்படி போல ஒரு சத்தம் நெருங்கி வருகிறது. கடந்துபோவது ஒரு கார், அவ்வளவுதான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு முதுகு சில்லிடுகிறது. காசில்லாதவன் ஒலியையும் நிழலையும் நம்பித்தான் ஆக வேண்டும். ஒளிப்பதிவாளர் நிக்கோலஸ் முசுராகா அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினார்.

குறை உண்டு. மகளைப் பெற்ற மகளென்றே ஏற்க மறுக்கும் கிழ நடிகையின் வீட்டுக் கதை, சிறுமியின் கதையோடு சரியாக ஒட்டவில்லை. அப்பாவாக வரும் கென்ட் ஸ்மித்தின் முகத்தில் தவிப்பே தெரிவதில்லை. ஆனால் தன்னைக் கொல்ல நினைத்து நிற்கும் அந்த நடிகையின் மகளைச் சிறுமி ஐரீனாவாகக் கண்டு கட்டிக்கொள்கிறாளே, அந்தத் துணிச்சல் முதல் பாகத்தில்கூட இல்லை.