அழுக்கு போகட்டும், நிறம் இருக்கட்டும்

செரண்டா போன்ற வட சிலாங்கூர் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் வெட்டப்போன பெண்களுக்கு ‘ஸ்கிரப்’ என்ற சொல் தெரியாது. ஆனால் தமிழர் வீடுகளில் அந்த வேலையைச் செய்ய நலங்கு மாவு இருந்தது. பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு ஆகியவற்றைக் காயவைத்து அரைத்த மாவு அது.

அதன் சூட்சுமம் எளிது. நம் மேல்தோல் ஏறக்குறைய மாதம் ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இறந்த செல்களால் முகம் மங்குகிறது. மாவின் மெல்லிய சொரசொரப்பு அவற்றை நீக்கியது. 1882-இல் ஜெர்மானிய மருத்துவர் பால் உன்னா சாலிசிலிக் அமிலத்தைக் கொண்டு தோலுரிக்கும் முறையை விவரித்தார். இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே: தோலைச் சுத்தமாக்குவது.

பின்னர் சந்தை நோக்கத்தையே மாற்றியது. 1975-இல் இந்தியாவில் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ அறிமுகமானது. சிவப்பே அழகு என்ற எண்ணம் விளம்பரங்களில் வேரூன்றியது. 2020-இல் அந்நிறுவனமே ‘ஃபேர்’ என்ற சொல்லைக் கைவிட்டது. ஆனால் ஆசை போகவில்லை. பாதரசம் கலந்த கள்ளக் கிரீம்கள் குறித்து மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. பாதரசம் நிறமியைத் தடுப்பதோடு சிறுநீரகத்தையும் கெடுக்கும். 2025-க்குள் இத்தகைய பொருள்களை ஒழிக்க மினமாத்தா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் முடிவெடுத்தன.

வாரம் ஓரிரு முறை மென்மையாகத் தேய்த்தால் போதும். பருவோ புண்ணோ இருந்தால் தேய்க்கவே வேண்டாம். இறந்த தோல் உதிரட்டும். பெற்றோர் தந்த நிறம் உதிர வேண்டியதில்லை.