பனித்துளைப்பான்: உளியிலிருந்து மின்கலம் வரை

பனித்துளைப்பான் என்பது உறைந்த ஏரியின் மேல் நின்று மீன் பிடிப்பதற்காகப் பனிக்கட்டியில் வட்டமான துளையிடும் கருவி. அமெரிக்காவின் வட மாநிலங்கள், கனடா, பின்லாந்து, சுவீடன், ரஷ்யா ஆகிய குளிர்ப்பகுதிகளில் இது பயன்படுகிறது. கையால் சுற்றுவது, எஞ்சினால் இயங்குவது, மின்கலத்தால் இயங்குவது என இதில் மூன்று வகைகள் உண்டு. ஒவ்வொரு மாற்றமும் துளையிடும் உழைப்பைக் குறைத்தது. ஆனால் முதல் கருவியான உளி துளை மட்டும் போடவில்லை. காலடியில் உள்ள பனிக்கட்டி ஆளைத் தாங்குமா என்பதையும் அதுவே சொன்னது. அந்த வேலையைப் பின்வந்த எந்த இயந்திரமும் முழுமையாக ஏற்கவில்லை.

உளிக் காலம்

வட அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றி வாழும் அனிஷினாபே மக்கள் பனிக்கட்டியில் துளையிட்டு, அதன்மேல் மறைப்பு அமைத்து வெளிச்சத்தைத் தடுப்பர். இருட்டில் இருப்பவருக்கு நீரின் உட்புறம் தெளிவாகத் தெரியும். மரத்தில் செதுக்கிய போலி மீனை நூலில் கட்டி நீருக்குள் ஆட்டி, அதை நாடி வரும் பெரிய மீனை ஈட்டியால் குத்துவர். ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் ‘காகிவாக்’ எனப்படும் மூன்று முனை ஈட்டியைப் பயன்படுத்தினர்.

துளையிட நீண்ட பிடி கொண்ட உளி பயன்பட்டது. அதன் முனை எலும்பு, கொம்பு போன்றவற்றால் ஆனது. ஐரோப்பியரின் தோல் வணிகம் பரவியபின் இரும்பு முனை வந்தது. ஹட்சன் விரிகுடா நிறுவனம் பீவர் தோலுக்கு ஈடாகக் கொடுத்த பண்டங்களில் பனி உளியும் ஒன்று. இன்றைய பனி உளி நம் கடப்பாரையை ஒத்திருக்கும்.

தடித்த பனிக்கட்டியில் உளியால் துளையிட நெடுநேரம் பிடிக்கும். எனவே இடத்தை நன்கு யோசித்துத் தேர்ந்த பின்னரே வேலையைத் தொடங்குவர். ஏரிமேல் நடக்கும்போது, முன்னே உளியால் குத்திப் பார்த்துக்கொண்டே செல்வதும் வழக்கம். ஓரிரு குத்துகளில் நீர் தெரிந்தால் வந்த தடத்திலேயே திரும்பிவிடுவர்.

திருகு அலகு

உளி பனிக்கட்டியை உடைக்கிறது; திருகுத் துளைப்பான் அதைச் சீவுகிறது. அடியில் உள்ள கத்திகள் சீவிய துகள்களைத் தண்டைச் சுற்றியுள்ள சுருள் தகடு மேலே ஏற்றுகிறது. ஆர்க்கிமிடீஸ் திருகு நீரை ஏற்றும் தத்துவமும் இதுவே. கத்தித் தொழிலுக்குப் பேர்பெற்ற சுவீடனின் மோரா என்ற ஊரின் பெயரைத் தாங்கிய கைத்துளைப்பான்கள் அட்லாண்டிக்கின் இருபுறமும் அறியப்பட்டவை. பின்லாந்தில் சிறு தூண்டிலால் பனித்துளை வழியே மீன் பிடிக்கும் ‘பில்க்கி’ முறைக்குப் பொதுவாகக் கட்டணமோ உரிமமோ தேவையில்லை. கைத்துளைப்பான் அங்கு இன்றும் சாதாரணமாகக் காணப்படும் கருவி.

எஞ்சின்

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய துளைப்பான்கள் பரவின. விஸ்கொன்சின் மாநிலத்து ஃபெல்ட்மன் நிறுவனத்தின் ‘ஜிஃபி’ அவற்றில் புகழ்பெற்றது. கடும் பனியையும் இவை விரைவாகத் துளைத்தன. ஆனால் எடை அதிகம், இரைச்சல் அதிகம். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய் கலந்த பெட்ரோல் வேண்டும். மூடிய குடிலுக்குள் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு நச்சு சேரும்.

துளை எளிதானதும் மீன்பிடிக்கும் முறையே மாறியது. ஒரே துளையருகே காத்திருப்பதை விட்டு, பல துளைகள் போட்டு மீனைத் தேடிச் செல்லும் முறையை மினசோட்டாவின் டேவ் கென்ஸ் பரப்பினார். 1980இல் இழுத்துச் செல்லக்கூடிய மடக்குக் குடிலை அவர் உருவாக்கினார். ஒலியலையால் மீன் இருப்பைக் காட்டும் கருவியும் இம்முறையில் சேர்ந்துகொண்டது. மீன்பிடிப்புக்குச் சட்ட வரம்புகளும் உண்டு. மினசோட்டாவில் தூண்டில் துளையின் விட்டம் 12 அங்குலத்தை மீறக்கூடாது. பனிக்காலத்தில் ஒருவர் இரண்டு தூண்டில்கள் வரை போடலாம்.

மின்கலம்

முதலில் வந்த மின் துளைப்பான்கள் 12 வோல்ட் ஈய-அமில மின்கலத்தில் இயங்கின. பளு அதிகம், குளிரில் ஆற்றலும் விரைவில் குறைந்தது. லித்தியம்-அயனி மின்கலத்தை 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை குறைந்து ஆற்றல் கூடிய இம்மின்கலம் பனித்துளைப்பானை எட்டச் சுமார் இருபது ஆண்டுகள் ஆயின. 2010களில் 40 வோல்ட் ‘அயான்’ போன்ற கருவிகள் பரவியபின் பெட்ரோல் வகைக்கு உண்மையான மாற்று கிடைத்தது. அதே காலத்தில், தச்சர் பயன்படுத்தும் கம்பியில்லா டிரில்லில் துளைப்பான் அலகை மாட்டும் வழக்கமும் பரவியது. தண்டு டிரில்லிலிருந்து நழுவி ஏரிக்குள் போய்விடாதபடி மேலே அகன்ற வட்டு ஒன்றைப் பொருத்துவர்.

தேர்வில் கவனிப்பவை

துளையின் விட்டமே முதல் கேள்வி. வெட்டப்படும் பனியின் அளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 6 அங்குலத் துளையைவிட 8 அங்குலத் துளைக்குச் சுமார் 78 விழுக்காடு அதிகப் பனியை வெட்டவேண்டும். அதே மின்கலத்தில் போடக்கூடிய துளைகள் அதற்கேற்பக் குறையும். சிறு மீனுக்கு 6 அங்குலம் போதும். பெரிய மீனைத் தேடுவோர் 8 அல்லது 10 அங்குலம் கொள்வர்.

அடுத்தது கத்தி. சீவும் கத்தி புதுப்பனியில் வேகமாக இறங்கும், ஆனால் மண் பட்டால் மழுங்கும். பழைய துளையை மீண்டும் திறக்கக் கொத்தும் கத்தியே ஏற்றது.

மூன்றாவது குளிர். உறைகுளிரில் லித்தியம் மின்கலத்தின் கொள்ளளவு குறையும் என்பதால் அதைச் சட்டைக்குள்ளோ வெப்பம் காக்கும் பையிலோ வைப்பர். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து மின்கலம் கெடும். பின்சுழற்சி வசதி இருந்தால் துளையில் தேங்கிய பனிக்கூழைக் கீழே தள்ளிவிடலாம்.

உளி நீடிக்கும் காரணம்

மினசோட்டா இயற்கைவளத் துறை, நடந்து செல்லக் குறைந்தது 4 அங்குலம் தெளிந்த புதுப்பனி வேண்டும் என்கிறது. வெண்பனியானால் இருமடங்குத் தடிமன் வேண்டும். ஒரே ஏரியில் ஓரிடத்தில் ஓரடி இருக்க, நீரோட்டம் உள்ள இடத்தில் இரண்டு அங்குலமே இருக்கலாம். துளைப்பான் போட்ட துளை அந்த ஓரிடத்தின் தடிமனை மட்டுமே காட்டும். அங்கு போய்ச் சேரும் வழியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஏரிகள் உறைந்திருக்கும் காலமும் சுருங்கி வருகிறது. 1443 முதல் உறைவுப் பதிவு உள்ள ஜப்பானின் சுவா ஏரி அண்மைக் காலத்தில் பல குளிர்காலங்களில் முழுமையாக உறையவில்லை. எனவே பனி தொடங்கும் காலத்திலும் முடியும் காலத்திலும், மின் துளைப்பான் வைத்திருப்பவரும் கையில் உளியோடு முன்னே குத்திப் பார்த்தபடியே ஏரியில் இறங்குகிறார்.