பெர்மிட் இல்லாமல் பீர் குடித்தால் குற்றமா? மும்பையின் 1949 சட்டமும் முடியாத விவாதமும்

சனிக்கிழமை இரவு. செம்பூரில் நண்பர்களோடு உட்கார்ந்து ஒரு பீர் குடிக்கிறீர்கள். யாரோடும் வம்பு இல்லை, வண்டியும் ஓட்டப் போவதில்லை. ஆனாலும் உங்களிடம் பெர்மிட் இல்லையென்றால், சட்டப்படி அது குற்றம். "மும்பையில ஏதுப்பா மதுவிலக்கு?" என்று கேட்கிறீர்களா? இருக்கு!

என்ன சட்டம் இது?

1949-ல் வந்த பம்பாய் மதுவிலக்குச் சட்டம். இன்று அதன் பெயர் மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டம். குஜராத்தில் இப்போதும் மது கிடைக்காததற்குக் காரணம், 1960-ல் மாநிலம் பிரிந்தபோது அங்கே போன இதே சட்டம்தான். மகாராஷ்டிரம் 1960-களில் விதிகளைத் தளர்த்தியது. சட்டத்தை ரத்து செய்யவில்லை.

அதனால் மது வாங்கவும், வைத்திருக்கவும், குடிக்கவும் பெர்மிட் தேவை. ஒருநாள், ஓராண்டு, ஆயுள் என மூன்று வகை உண்டு. ஒருநாள் பெர்மிட் 5 ரூபாய், ஆயுள் பெர்மிட் 1,000 ரூபாய். வயது வரம்பு பீருக்கு 21, விஸ்கி, ரம் போன்றவற்றுக்கு 25.

பாதிக்கப்பட்டவர் யார்?

திருட்டு என்றால் பொருளை இழந்தவர் புகார் கொடுப்பார். நீங்கள் குடித்த பீரால் யார் புகார் கொடுப்பார்? இப்படிப்பட்டவற்றைத்தான் 'பாதிக்கப்பட்டவர் இல்லாத குற்றங்கள்' என்கிறார்கள். பிறருக்குத் தீங்கு வராதவரை அரசு தலையிடக் கூடாது என்று 1859-லேயே எழுதினார் ஜான் ஸ்டூவர்ட் மில்.

நம் நீதிமன்றங்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. 1951-ல் பால்சாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தின் சில பகுதிகளை மட்டும் நீக்கி, மற்றவற்றை ஏற்றது. மதுவிலக்கைக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்று அரசமைப்பின் 47-வது பிரிவே சொல்கிறது. ஆனால் 2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பு வந்த பிறகு, "என் வீட்டுக்குள் நான் குடித்தால் அரசுக்கு என்ன?" என்ற கேள்வி குஜராத் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மனுக்களை விசாரிக்கலாம் என்று 2021-ல் அது சொன்னது.

தாராவியில் நடந்தது என்ன?

முழு மதுவிலக்கு இருந்த காலத்தில் குடிப்பவர்கள் குறையாமல் போக, கள்ளச்சாராயம் பெரும் தொழிலானது. தாராவியின் சதுப்பு நிலங்களில் ஊறல் போட்டார்கள். விக்டோரியா டெர்மினஸில் மூட்டை தூக்கிய தமிழரான வரதராஜ முதலியார் வளர்ந்தது இந்தத் தொழிலில்தான். மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் அவர் போட்ட கணபதி பந்தல் அந்தக் காலத்தில் மிகப் பிரபலம். 1987-ல் வந்த 'நாயகன்' படத்துக்குத் தூண்டுதலும் அவர் வாழ்க்கைதான்.

புகார் கொடுக்க ஆளில்லாத குற்றத்தில் போலீஸ் தானாகத் தேடிப் போக வேண்டும். யாரைப் பிடிப்பது, யாரை விடுவது என்பது அவர்கள் கையில். மாமூல், அதாவது மும்பை பாஷையில் ஹஃப்தா, நுழையும் இடம் அதுதான்.

அப்போ சட்டத்தைத் தூக்கிடலாமா?

அவ்வளவு சுலபம் இல்லை. சம்பளத்தைக் கடையில் விட்டுவிட்டு வருபவரின் மனைவியிடம் போய் 'இதில் யாருக்கும் பாதிப்பில்லை' என்று சொல்ல முடியுமா? மகாராஷ்டிரத்தில் பெண்கள் வாக்களித்தே மதுக்கடையை மூடலாம். ஊரிலோ வார்டிலோ உள்ள பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேல் 'படுத்த பாட்டில்' சின்னத்துக்கு வாக்களித்தால் கடைக்குப் பூட்டுதான்.

ஆனால் தடை போட்டால் மட்டும் தீர்வு வந்துவிடுவதில்லை. சந்திரபூர் மாவட்டத்தில் 2015-ல் கொண்டுவந்த மதுவிலக்கை, கள்ளச்சந்தை பெருகியதைக் காரணம் காட்டி 2021-ல் அரசே விலக்கியது. அதேபோல, கடை திறந்தால் மட்டும் கள்ளச்சாராயம் ஒழிந்துவிடுவதும் இல்லை. 2015-ல் மும்பை மால்வணியில் மெத்தனால் கலந்த சாராயம் நூறு பேருக்கு மேல் கொன்றது. 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு ஊரிலும் மது சட்டப்படி கிடைத்தது. ஏழைகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்ததோ விஷம்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

குடிப்பவர் என்றால் பெர்மிட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை 'இதில் பாதிக்கப்பட்டவரே இல்லை' என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: வீட்டில் பாதிக்கப்படுபவரை இந்தச் சட்டம் காப்பாற்றுகிறதா? மாட்டிக்கொள்வது யார், செம்பூர் பாரில் இருக்கும் நீங்களா, தாராவிச் சந்தில் நிற்பவரா?