பனியை விடக் காற்றே கொடியது

குளிர்காலப் பனிப்புயல் என்றதும் கொட்டிக் குவியும் பனியே பலரது நினைவுக்கு வரும். எனினும், ஐக்கிய அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை கடும் பனிப்புயலைப் பனியின் அளவைக் கொண்டு வரையறுப்பதில்லை. மணித்தியாலத்துக்கு 56 கிலோமீற்றருக்குக் குறையாத வேகத்தில் காற்று வீசி, பறக்கும் பனியினால் பார்வைத் தூரம் 400 மீற்றருக்கும் குறைந்து, அந்நிலை 3 மணித்தியாலங்களாவது நீடித்தலே அதன் இலக்கணமாகும். புதிதாகப் பனி பொழியாமலே, நிலத்திற் கிடக்கும் பனியைக் காற்று வாரியெழுப்புவதாலும் இந்நிலை தோன்றலாம்.

வடதுருவத்திலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்றும் ஈரலிப்பான வெப்பக் காற்றும் சந்திக்கும் இடத்தில் தாழமுக்கம் வலுப்பெறுகின்றது. பாரங்குறைந்த வெப்பக் காற்று மேலெழுந்து குளிர்வதால் அதிலுள்ள நீராவி பனியாகப் பொழிகின்றது. தாழமுக்க மையத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் இடையிலான அமுக்க வேறுபாடு கூடக் கூடக் காற்றின் வேகமும் கூடுகின்றது.

நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ, பனிக்குப் பழகிய நகரம். உறையாத ஈரி ஏரியின் மேலாக வரும் குளிர்காற்று, அங்கிருந்து பெற்ற ஈரத்தை அந்நகரிற் பனியாகக் கொட்டுவது வழமையாகும். அத்தகைய நகரமே 2022 டிசெம்பர் 23ஆம் திகதி முதல் ஸ்தம்பித்துப் போனது. காற்றின் வேகம் மணித்தியாலத்துக்கு 110 கிலோமீற்றரையும் தாண்டியது. சுமார் ஒன்றரை நாட்களாக எதிரே இருப்பதும் கண்ணுக்குத் தெரியவில்லை. விமான நிலையத்திற் பதிவான பனி சுமார் 130 சென்ரிமீற்றர். மீட்பு வாகனங்களே பனியிற் சிக்கிக்கொண்டன. நகரிலும் அதனை அண்டிய பகுதிகளிலும் 40இற்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். வாகனங்களுக்குள்ளும் வீதிகளிலும் குளிரேறிய வீடுகளிலும் சடலங்கள் மீட்கப்பட்டன. அவசர மருத்துவ உதவி வந்து சேராமையால் மாண்டவர்களும் உளர்.

இப்புயல் எதிர்பாராமல் வந்ததன்று. பல நாட்களுக்கு முன்னரே அது எதிர்வுகூறப்பட்டிருந்தது. ஆயினும், வாகனப் போக்குவரத்துக்கான தடை, பலர் தொழிலுக்குச் சென்றுவிட்ட பின்னர், வெள்ளிக்கிழமை காலையிலேயே விதிக்கப்பட்டது. நகரில் இறந்தவர்களுட் பெரும்பான்மையோர் கறுப்பின மக்கள் என்பதும் கவனத்திற்குரியது. ஒரு நாட் கூலியை இழக்க இயலாதவனுக்கும், வீட்டில் உணவைச் சேமித்து வைக்க வசதியற்றவனுக்கும் 'வெளியே வராதீர்' என்ற அறிவுறுத்தல் மட்டும் போதுமானதன்று.

புயலைத் தடுத்து நிறுத்த எவராலும் இயலாது. ஆனால், காற்று வீதியை மூடுவதற்கு முன் அதிகாரிகள் வீதியை மூட இயலும். எதிர்வுகூறல் உரிய வேளையிற் கட்டளையாக மாறும்போதே அது உயிர்களைக் காக்கும்.