தரங்கம்பாடிச் சபையும் வீட்டு ஞானோபதேசமும்

தமிழ்நாட்டுப் புராட்டஸ்தாந்து கிறித்தவத்தின் வரலாறு பெரும்பாலும் மிஷனரிமாரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளுச்சோ ஆகிய இரு ஜெர்மானியரின் பெயர்களும், அவர்கள் அமைத்த அச்சுக்கூடமும், 1715இல் அச்சேறி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடும் பள்ளிப் பாடநூல் வரை அறியப்பட்டவை. ஆனால் அந்தப் புத்தகங்களை வாசித்தும் வாசிக்கக் கேட்டும் மனப்பாடம் செய்த குடும்பங்கள் எத்தகையவை, அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமையும் வேலைநாளும் எவ்வாறு கழிந்தன, பிள்ளைக்குப் பெயரிடுவதும் பெண்ணுக்குத் தாலி கட்டுவதும் இறந்தவரை அடக்கம் செய்வதும் அவர்களிடையே எவ்வாறு மாறின என்பவற்றுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. சோழமண்டலக் கரையின் ஒரு சிறு துறைமுகத்தில் உருவான அந்த லுத்தரன் சபை நிலைபெற்றதற்குக் காரணம் கப்பலில் வந்த பணமோ அரசரின் ஆணையோ அன்று, அது வீட்டுக்குள் குடியேறிய விதமே என்பதற்கு அதன் வரலாறு போதிய சான்று தருகிறது.

லுத்தரன் சபை எனப்படுவது, 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் மார்ட்டின் லுத்தர் தொடங்கிய சமயச் சீர்திருத்தத்தைப் பின்பற்றும் திருச்சபையாகும். டென்மார்க் நாட்டின் அரசமதமும் அதுவே. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி தரங்கம்பாடியைப் பெற்று, அங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டிய டேனியர், அடுத்த 80 ஆண்டுகளுக்கு மேல் தம்முடைய வணிகத்தையும் தம்மவருக்கான வழிபாட்டையும் மட்டுமே கவனித்து வந்தனர். டேனிய மன்னர் நான்காம் பிரடெரிக் தம் சொந்தப் பொறுப்பில் அனுப்பிய இரு மிஷனரிமாரையும் கோட்டையின் அதிகாரிகள் விரும்பி வரவேற்கவில்லை. சமயம் பரப்புவது வணிகத்தைக் கெடுக்கும் என்பது அவர்களுடைய அச்சம்.

1707 மே 12ஆம் நாள் முதன்முதலாக ஞானஸ்நானம், அதாவது திருச்சபையில் சேர்க்கும் நீர்ச்சடங்கு, பெற்ற ஐவரும் டேனிய எசமானர்களின் வீட்டு அடிமைகள். அவ்வாண்டு ஆகஸ்ட் 14இல் ‘புதிய எருசலேம்’ என்னும் சிறு ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டு, செப்டம்பர் 5இல் தமிழர் ஒன்பது பேர் ஞானஸ்நானம் பெற்றனர். அடிமைகளும் கலப்பினத்தாரும் பேசியது துறைமுகங்களில் வழங்கிய போர்த்துக்கீசியம். ஏனையோர் பேசியது தமிழ். ஆகவே ஒரே கூரையின்கீழ் இரண்டு மொழிகளில் இரண்டு சபைகள் கூடின. ஏழைகள், கைம்பெண்கள், ரோமன் கத்தோலிக்கத்திலிருந்து வந்தவர்கள், உறவினரால் ஒதுக்கப்பட்டவர்கள் ஆகியோரே தொடக்கக் காலச் சபையாரில் மிகுதி. சேர்ந்தவர் தம் வீட்டையும் தொழிலையும் இழக்க நேர்ந்தமையால், மிஷன் அவர்களுக்கு அரிசியும் சிறுதொகையும் கொடுத்துத் தாங்க வேண்டியிருந்தது. இதைக் கொண்டு, சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்று அவர்களை இகழ்ந்தோர் அன்றும் உண்டு, பின்னும் உண்டு. ஊரும் உறவும் கைவிட்ட ஒருவருக்குச் சோறு கொடுப்பது சபையின் கடமையாயிற்று என்பதையும், இழந்ததோடு ஒப்பிட்டால் கிடைத்தது மிகச் சிறிது என்பதையும் அவ்விகழ்ச்சி கணக்கில் கொள்ளவில்லை. சீகன்பால்குவின் தமிழ்ப்பணிக்குத் துணைநின்ற புலவர் கணபதி வாத்தியார் 1709இல் ஞானஸ்நானம் பெற்றபோது எதிர்கொண்ட உறவினரின் கடுஞ்சினம், அந்த இழப்பின் அளவைக் காட்டும்.

எளியோருக்காகப் பேசுவது அச்சபையின் மேய்ப்பரை விலை கொடுக்கவைத்த செயலாகவும் இருந்தது. இறந்துபோன நாவிதர் ஒருவரின் மனைவி, கடன் தொடர்பான வழக்கொன்றில் டேனிய வணிகக் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளருக்கு எதிராக நீதி கேட்டபோது, சீகன்பால்கு அவருக்காகப் பரிந்து பேசினார். இது கோட்டைத் தளபதி ஹாசியுசுடன் ஏற்கெனவே இருந்த பகையை முற்றச் செய்ய, 1708 நவம்பர் முதல் 1709 மார்ச் வரை நான்கு மாதங்கள் சீகன்பால்கு கோட்டையில் சிறைவைக்கப்பட்டார்.

இந்தச் சபையின் அன்றாட வாழ்வை வடிவமைத்த நூல் ஒன்றைச் சொல்லவேண்டுமாயின் அது முழு வேதாகமமன்று, சிறிய ஞானோபதேசமே. ஞானோபதேசம் என்பது சமயத்தின் அடிப்படைகளைக் கேள்வியும் விடையுமாகக் கற்பிக்கும் நூல். 1529இல் லுத்தர் எழுதிய அந்நூல், பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், பாவ அறிக்கை, திருவிருந்து ஆகியவற்றை விளக்குவது. அதன் பகுதிகள் ஆலயத்துக்காக மட்டும் எழுதப்பட்டவை அல்ல. குடும்பத்தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டிய முறை என்ற குறிப்புடனேயே அவை தொடங்குகின்றன. காலையில் எழும்போதும், உணவுக்கு முன்னும் பின்னும், இரவில் படுக்கும்போதும் சொல்லத்தக்க ஜெபங்களும், கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், வேலையாட்கள், கைம்பெண்கள் ஆகிய ஒவ்வொருவருக்கும் உரிய கடமைகளைக் கூறும் வேதவசனங்களும் இறுதியில் இணைக்கப்பட்டுள்ளன. இவ்வளவு சிறிய நூல் ஒரு வீட்டின் விடியலிலிருந்து உறக்கம் வரை உடன்வரக்கூடியதாக அமைந்திருந்தது.

தமிழில் அது முதலில் ஓலையிலும், 1713ஐ ஒட்டி அச்சுக்கூடம் இயங்கத் தொடங்கிய பின் தாளிலும் வழங்கியது. எழுத்தறியாதோருக்கு இதனால் தடையொன்றும் ஏற்படவில்லை. ஆத்திசூடியையும் எண்சுவடியையும் ஒருவர் சொல்லப் பலர் உரக்கத் திருப்பிச் சொல்லி மனத்தில் பதித்துக்கொள்வதே திண்ணைப் பள்ளியின் வழி. கேள்விக்கு விடை சொல்லும் ஞானோபதேசம் அவ்வழியில் தடையின்றிச் சென்று சேர்ந்தது. தமிழ் எழுத்தை மாணவரோடு அமர்ந்து மணலில் எழுதிக் கற்ற சீகன்பால்கு, இம்முறையின் வலிமையை நேரில் அறிந்தவர். ஞானஸ்நானம் கேட்டு வந்த பெரியவர்கள் முதலில் இப்பாடங்களைக் கற்றுச் சபையின்முன் விடை சொல்லவேண்டும். சிறுவயதில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்தபின் அவற்றையே சொல்லி, முதல் திருவிருந்துக்குத் தகுதி பெறுவர். திருவிருந்து என்பது இயேசுவின் கடைசி இராவுணவை நினைந்து அப்பமும் திராட்சரசமும் பெறும் வழிபாடாகும்.

பள்ளிகள் இவ்வாழ்வின் மற்றொரு தூண். ஜெர்மனியில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே ஹாலே நகரில் நிறுவிய அனாதை இல்லமும் பள்ளிகளும் தரங்கம்பாடிக்கு முன்மாதிரியாயின. வேதத்தைத் தாமே வாசிக்காத சபை உறுதியாக நில்லாது என்பது ஹாலேயில் பயின்றவர்களின் கொள்கையாதலால், ஆலயத்தோடு ஒருங்கே பள்ளியும் எழுந்தது. 1707இலேயே பெண்பிள்ளைகளுக்கும் தனிப்பள்ளி தொடங்கப்பட்டது, அக்காலச் சோழநாட்டில் சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் எழுத்தறிவுக்கு எவ்வளவு தொலைவில் இருந்தார்கள் என்பதை நினைத்தால், பெரிதும் போற்றத்தக்க செயல். பிள்ளைகளுக்கு உணவும் உடையும் அளிக்கப்பட்டன. பெண்கள் வாசிப்போடு நூல் நூற்கவும் கற்றனர். இப்பெண்கள் தாயான பின்னர், ஞானோபதேசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பில் பெரும்பங்கு, நூல் கூறும் குடும்பத்தலைவரிடமிருந்து அவர்களிடம் வந்துசேர்ந்திருக்க வேண்டும் என்று கருதுவது பிழையாகாது.

1718 அக்டோபரில் அர்ப்பணிக்கப்பட்ட இன்றைய புதிய எருசலேம் ஆலயம், வளர்ந்துவிட்ட சபைக்கு முதல் ஆலயம் போதாமையால் எழுந்தது. அதைக் கட்டி முடித்த நான்கு மாதங்களில், 1719 பிப்ரவரி 23ஆம் நாள், 36 வயதில் சீகன்பால்கு இறந்தார். அவருடைய துணைவரான குருண்டலர் அடுத்த ஆண்டே இறக்க, இருவரும் அவ்வாலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டனர்.

மேய்ப்பர்கள் இவ்வாறு அடுத்தடுத்து மறைந்தபோதும் சபை கலையாமல் காத்தவர்கள் உபதேசியார்கள். வீடுவீடாகச் சென்று கற்பிப்பதும், நோயாளிகளைப் பார்ப்பதும், சண்டைகளைத் தீர்ப்பதும், ஞாயிறு வழிபாட்டுக்கு வராதவரை விசாரிப்பதும் இவர்களுடைய பணி. தஞ்சை மன்னரின் நாட்டுக்குள் ஐரோப்பியர் தம் விருப்பப்படி செல்ல இயலாத நிலையில், உள்நாட்டுச் சபைகள் முழுவதும் தமிழரான உபதேசியார்களையே நம்பியிருந்தன. கத்தோலிக்கப் படைவீரராக இருந்து, வேதத்தைத் தாமே வாசித்து லுத்தரன் சபைக்கு வந்த இராஜநாயக்கன் தஞ்சைப் பகுதியில் செய்த பணி இவ்வகையில் தலையாயது. கடலூரில் பிறந்து ஆறுமுகம் என்னும் பெயருடன் வளர்ந்து, 1718இல் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன், 1733 டிசம்பர் 28ஆம் நாள் குருவாக அபிஷேகம் பெற்று, இந்தியரில் முதல் புராட்டஸ்தாந்து குருவானார். 1745இல் இறக்கும்வரை ஊர் ஊராக நடந்து ஞானஸ்நானமும் திருவிருந்தும் அளித்தவர் அவர். 1741இல் தியாகு என்பவரும் குருவானார்.

இங்கேதான் இச்சபையின் வரலாற்றில் மறைக்கக்கூடாத கறை ஒன்று தென்படுகிறது. ஆரோன் வேளாளர், இராஜநாயக்கன் பறையர். ஆர்வத்திலும் உழைப்பிலும் யாருக்கும் குறையாத இராஜநாயக்கன் குருப்பட்டத்துக்கு எண்ணப்பட்டும், அவர் கையால் உயர்சாதியார் திருவிருந்து பெறமாட்டார்கள் என்ற காரணத்தால் விலக்கப்பட்டார். சிலுவை வடிவில் கட்டப்பட்ட ஆலயத்திலும் சாதிவாரியாகத் தனித்தனி இடங்களில் சபையார் அமர்ந்தனர். திருவிருந்தின் கிண்ணத்தை முதலில் பெறுவோர் யார் என்பதும் சாதியால் முடிவாயிற்று. சமூக வழக்கத்தைப் பொறுமையோடு மாற்றவேண்டும் என்று மிஷனரிமார் சொன்ன சமாதானம், கடவுளின் பந்தியில் தலைமுறை தலைமுறையாகப் பின்னே நின்றவர்களுக்கு ஒரு விடையாகாது. அடிமைகளோடு தொடங்கிய சபை, தன் முதல் நாளின் பொருளைத் தானே கைவிட்டது என்பதே இதில் சொல்லக்கூடிய நேர்மையான தீர்ப்பு.

குடும்பச் சடங்குகளில் பழைய வழக்கமும் புதிய சமயமும் ஒன்றோடொன்று பிணைந்தன. திருமணத்தில் தாலி நீக்கப்படவில்லை. ஆலயத்தில் ஜெபித்து ஆசீர்வதிக்கப்பட்டுக் கட்டப்பட்டது. பிள்ளைகளுக்கு வேதாகமப் பெயர்களுடன் சத்தியநாதன், ஞானப்பிரகாசம், தேவசகாயம் போன்ற தமிழ் வழக்குப் பெயர்களும் இடப்பட்டன. ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதும் ஐரோப்பியச் சபை வழக்கம், வேறெந்த ஆவணத்திலும் இடம்பெற வாய்ப்பில்லாத எளியோரின் பெயர்களைத் தாளில் நிறுத்தியது.

பாட்டிலும் இப்பிணைப்பு நிகழ்ந்தது, ஆனால் எளிதாக அன்று. ஜெர்மன் இராகத்துக்குத் தமிழ்ச் சொற்களை அமைத்த ஞானப்பாட்டுகளே தொடக்கத்தில் வழிபாட்டை நிரப்பின. 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, தரங்கம்பாடியிலும் பயின்ற தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், குறவஞ்சி முதலிய தமிழ் இலக்கிய வடிவங்களையும் கர்நாடக இராகங்களையும் கிறித்தவப் பாட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் கீர்த்தனைகள் இன்றும் லுத்தரன் சபைக்கு அப்பாலும் பாடப்படுகின்றன. பின்வந்த ஆங்கிலச் சபை மிஷனரிமார் பழைய வேதாகம மொழிபெயர்ப்பையும் பாட்டையும் பண்டிகை வழக்கங்களையும் மாற்ற முற்பட்டபோது, அவற்றைக் காக்கப் போராடியவரும் அவரே. அதே மூச்சில் சாதி வரிசையையும் காக்க அவர் வாதாடினார் என்பது வருத்தத்துடன் சேர்த்தே சொல்லவேண்டிய உண்மை.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் பகுத்தறிவுவாதம் பரவி ஹாலேயின் ஆர்வம் தணிந்தது. ஆட்களும் பணமும் வருவது குறைந்தது. நெப்போலியன் காலப் போர்களில் தரங்கம்பாடி ஆங்கிலேயர் கைக்கு மாறி மீண்டது. பழைய மிஷனின் கடைசி மிஷனரியான கெம்மரர் 1837இல் இறந்தார். 1845இல் டேனியர் அவ்வூரைச் செராம்பூருடன் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றனர். தஞ்சைப் பகுதிச் சபைகளில் பல ஆங்கிலச் சபைக்குச் சென்றன. ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் 1840களில் பொறுப்பேற்றபோது, ஆதரிப்பார் அருகிய அந்த ஆண்டுகளைக் கடந்தும் ஞாயிற்றுக்கிழமை கூடிய சபையொன்று அங்கே இருந்தது. வெளியிலிருந்து வந்த உதவி இற்றுப்போன காலத்தில் அதை இருக்கச் செய்தது வீட்டில் சொல்லிக்கொடுக்கப்பட்ட கேள்வியும் விடையும் ஜெபமும் என்று கொள்வதே பொருந்தும்.

முதல் உலகப்போரில் ஜெர்மானியர் வெளியேற்றப்பட, ஸ்வீடன் நாட்டுத் திருச்சபை மிஷன் இடைக்காலப் பொறுப்பை ஏற்றது. 1919 ஜனவரி 14ஆம் நாள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னாட்சியுடன் அமைந்தது. அதன் முதல் பேராயர்கள் ஐரோப்பியர்களாகவே இருந்தனர். ஆரோன் குருவாகி 223 ஆண்டுகளுக்குப் பின், 1956இல், இராஜா மாணிக்கம் அத்திருச்சபையின் முதல் தமிழ்ப் பேராயரானார்.