வீட்டை இழுத்துக்கொண்டு வடக்கே

கணவனும் மனைவியும் சேர்ந்து நெடும் பயணம் போவதில் ஒரு சங்கடம் உண்டு. புறப்பட்ட மூன்றாம் நாளே இருவரில் ஒருவருக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். அதற்கு ஐரோப்பியர் கண்ட பரிகாரம் வெகு எளிது. வீட்டையே காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்! காரவான் என்று அதற்குப் பெயர். படுக்கை, அடுப்பு, மடக்கு மேஜை, ஜன்னலுக்குத் திரை எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. இருவர் குடித்தனம் நடத்த அது போதும்.

டென்மார்க் தேசத்துத் தம்பதி ஒருவர் அப்படிப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். கோபன்ஹேகனில் கிளம்பி, ஸ்வீடனின் மேற்குக் கரையோரமாக நார்வேக்குள் நுழைந்து, ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள நார்த் கேப் முனைவரை போக வேண்டும். 2,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. காரவான் இழுக்கும் வண்டி அதிக வேகமாக ஓடக்கூடாது. ஆகவே வழியைப் பார்த்துக்கொண்டு போக நிறைய அவகாசம் இருக்கும். பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அந்த வழியே ஒரு சரித்திரப் புத்தகம்.

முதலில் வருவது கடல். கோபன்ஹேகனுக்கும் ஸ்வீடனின் மால்மோவுக்கும் இடையிலுள்ள ஜலசந்தியைக் கடக்க வேண்டும். இந்தத் தண்ணீருக்காக இரண்டு தேசங்களும் பல நூற்றாண்டுகள் அடித்துக்கொண்டன. 2000-ஆம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அதன்மேல் பாலம் திறந்தார்கள். சுமார் 4 கிலோமீட்டர் கடலுக்கடியில் சுரங்கம், பிறகு செயற்கைத் தீவு, பிறகு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் பாலம். சண்டை போட்ட தண்ணீரைக் கடக்க ஒரு காப்பி குடிக்கும் நேரம் போதும்!

பாலத்துக்கு வெகு காலம் முன்பே மனிதர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். 1952-லேயே வட நாட்டுப் பிரஜைகள் ஒருவர் தேசத்துக்கு ஒருவர் பாஸ்போர்ட் இல்லாமல் போய்வர வழி பிறந்தது. 1958-ல் எல்லைகளில் பாஸ்போர்ட் சோதனையே எடுபட்டது. ஆனால் எல்லை திறந்தால் மட்டும் போதுமா? லீவு வேண்டும், கார் வேண்டும். ஸ்வீடன் 1938-ல் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. நார்வேயிலோ 1960 வரையில் அனுமதிச் சீட்டு இல்லாமல் சாதாரண மனிதன் கார் வாங்க முடியாது. ஆக, கணவனும் மனைவியும் ஊர் சுற்றுவது பணக்காரர் பொழுதுபோக்காக இருந்தது மாறி, சாதாரணக் குடும்பத்தின் உரிமையானது மிகச் சமீபத்தில்தான்.

ஸ்வீடனில் ஒரு வேடிக்கையும் நடந்தது. அக்கம்பக்கத்து நாடுகளெல்லாம் சாலையின் வலப்புறம் ஓட்ட, ஸ்வீடன் மட்டும் இடப்புறம் ஓட்டிற்று. மாற்றலாமா என்று 1955-ல் ஜனங்களைக் கேட்டார்கள். நூற்றுக்கு 83 பேர் கூடாது என்றார்கள். பாராளுமன்றம் பின்னர் மாற்றியே தீருவதென்று முடிவு செய்தது. 1967 செப்டம்பர் 3-ந் தேதி விடியற்காலை, சாலையிலிருந்த வண்டிகள் எல்லாம் நின்று, வலப்பக்கம் ஒதுங்கி, 5 மணி அடித்ததும் புறப்பட்டன. ஒரு தேசம் முழுவதும் ஒரே காலையில் பழக்கத்தை மாற்றிக்கொண்டது!

இதுவரை வேடிக்கை. நார்வேயில் நுழைந்து, ஆஸ்லோவையும் டிராண்ட்ஹைமையும் கடந்து வடக்கே போகப் போக மரங்கள் குட்டையாகின்றன, ஊர்கள் குறைகின்றன. ஸால்ட்ஃபியெல் மேட்டில் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி இறங்கினால் ஸால்ட்டால் என்னும் பள்ளத்தாக்கு. அங்கே ரோக்னான் என்ற ஊருக்கு வடக்கே சாலையின் ஒரு பகுதிக்கு ‘ரத்தச் சாலை’ என்று பெயர்.

1940-ல் ஜெர்மனி நார்வேயைப் பிடித்துக்கொண்டது. படைகள் வடக்கே போகச் சாலை வேண்டியிருந்தது. 1942 முதல் யூகோஸ்லாவியக் கைதிகளையும் ரஷ்யப் போர்க்கைதிகளையும் கொண்டுவந்து பாறை உடைக்கவிட்டார்கள். குளிர், பசி, அடி, துப்பாக்கி. யூகோஸ்லாவியரில் பாதிக்குமேல் திரும்பவில்லை. அங்கே ஒரு கைதி சுடப்பட்டபோது, அவன் சகோதரன் அந்த ரத்தத்தைத் தொட்டுப் பாறையில் சிலுவை வரைந்தான் என்றும், அதனாலேயே சாலைக்கு அந்தப் பெயர் வந்தது என்றும் சொல்கிறார்கள். பக்கத்தில் பூட்ன் என்னுமிடத்தில் 1,600-க்கு மேற்பட்ட யூகோஸ்லாவியர் புதைக்கப்பட்ட மயானம் இருக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி ஜெர்மானியப் போர்வீரர் மயானம். வதைத்த படையினரும் வதைபட்டவர்களும் அண்டை வீட்டாராகிவிட்டார்கள்.

ரஷ்யரின் கதை இன்னும் சோகம். யுத்தம் முடிந்தபின் வல்லரசுகளுக்குள் பகை மூண்டது. கல்லறை பார்க்க வரும் சாக்கில் ஒற்றர்கள் வந்துவிடுவார்கள் என்று நார்வே அரசாங்கம் அஞ்சிற்று. 1951-ல் வட மாகாணங்களிலிருந்த ரஷ்யர் சவங்களைத் தோண்டியெடுத்து, தார்ப் பைகளில் கட்டி, ட்யோட்டா என்னும் தீவுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். உள்ளூர் ஜனங்கள் எதிர்த்தும் பயனில்லை. செத்த பிறகும் அவர்களுக்கு ஓரிடத்தில் தங்க வாய்க்கவில்லை.

இன்னும் வடக்கே ஃபின்மார்க். 1944-ல் பின்வாங்கிய ஜெர்மன் படை, ரஷ்யருக்கு ஒரு கூரைகூட மிஞ்சக்கூடாதென்று ஊர் ஊராகக் கொளுத்திற்று. சுமார் 50,000 பேரைத் தெற்கே துரத்தினார்கள். துரத்தலுக்குத் தப்பியவர்கள் குகைகளிலும் கவிழ்த்த படகுகளின் அடியிலும் அந்த மாரியைக் கழித்தார்கள். நார்த் கேப்புக்கு அருகிலுள்ள ஹோனிங்ஸ்வோக் ஊரில் மிஞ்சியது மாதா கோயில் ஒன்றுதான். திரும்பி வந்தவர்களுக்கு முதலில் அதுவே வீடாயிற்று. அந்த ஜனங்கள் மறுபடி ஊர் கட்டினார்கள். 1956-ல் நார்த் கேப்புக்குச் சாலையும் வந்துவிட்டது. 1999-ல் கடலுக்கடியில் ஏறக்குறைய 7 கிலோமீட்டர் சுரங்கம் திறந்ததும், படகுக்குக் காத்திருக்கும் தொல்லையும் தீர்ந்தது.

கடைசியில் நம் தம்பதி அந்த முனையில் வந்து நிற்கிறார்கள். கடலுக்குமேல் 307 மீட்டர் செங்குத்தான பாறை. கோடையில் இரண்டரை மாதம் சூரியன் அங்கே அஸ்தமிப்பதில்லை. நள்ளிரவு வெயிலில் எல்லோரும் சூரியனையே படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். மனைவி மட்டும் திரும்பி, வந்த வழியைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. வீடற்ற கைதிகள் வெட்டிய சாலை. வீடு எரிந்தவர்கள் திரும்பி வந்த சாலை. அதில் தாங்கள் மட்டும் வீட்டையே இழுத்து வந்திருக்கிறோம் என்று அவள் நினைக்கிறாள்.

“தூங்க வேண்டாமா?” என்கிறான் கணவன்.

அவள் உள்ளே போய் ஜன்னல் திரையை இழுத்துவிடுகிறாள். வெளியே வெயில் அடிக்கிறது. பூட்டிக்கொள்ள ஒரு கதவு இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்திருக்கும்.