பைலா பிறந்த கதை

வரிப்பத்தான்சேனையிலிருந்து சுற்றுலாவுக்கு பஸ் எடுத்தால், அம்பாறை தாண்டுவதற்குள் பின்சீட்டுப் பெடியன்கள் தாளம் தட்டத் தொடங்கிவிடுவார்கள். ஆறு சின்ன அடி. ஒன்றிலும் நான்கிலும் அழுத்தம். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று இலங்கையில் எல்லாருடைய கைக்கும் பழகிய பைலாத் தாளம் அது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால், போர்த்துக்கீசர் கொண்டுவந்தது என்பார்கள். அது பாதிக் கதை.

1505இல் போர்த்துக்கீசர் இந்தத் தீவுக்கு வந்தார்கள். அவர்களும் பின்வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆபிரிக்கர்களை அடிமைகளாகவும் படையாட்களாகவும் இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். ஊரையும் பேரையும் இழந்த அந்த மனிதர்கள் தாளத்தை மட்டும் இழக்கவில்லை. ஐரோப்பிய வயலினும் போர்த்துக்கீச மொழியும் அதோடு சேர்ந்தபோது ‘கஃப்ரிஞ்ஞா’ என்ற ஆட்ட இசை உருவானது. புத்தளத்துச் சிரம்பியடியில் ஆபிரிக்க வழிவந்த குடும்பங்கள் தங்கள் பழைய பாடல்களை இன்றும் பாடுகின்றன. நமக்கு வடக்கே மட்டக்களப்பில், போர்த்துக்கீசப் பறங்கியரின் கலியாண வீட்டில் கஃப்ரிஞ்ஞா ஆட்டம் இன்னும் இருக்கிறது.

சிங்களத்தில் பைலாவின் முந்திய வடிவம் வாத பைலா. இரண்டு பாடகர்கள் எதிரெதிரே நின்று, கொடுத்த தலைப்பில் அந்த இடத்திலேயே அடி கட்டி மோதுவார்கள். வயல் காவலில் கவிக்குக் கவி சொன்ன நம் பெரியவர்களைப் போல. கெட்டிக்காரர்களின் கலை அது. ஆனால் பாடுகிறவர் இருவர்தான். கூடியிருந்த சனம் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

இதை மாற்றியவர் வோலி பஸ்தியன். 1914இல் பிறந்து 1985இல் காலமானவர், பொலிஸ் சேவையில் இருந்தவர். 1940களில் கஃப்ரிஞ்ஞாவின் தாளத்தில் சிங்கள வரிகளை அமைத்து, எல்லாரும் சேர்ந்து பாடும் பல்லவியை அதில் பொருத்தினார். கோரஸ் பைலா பிறந்தது. ‘நர்ஸ் நோனா’, ‘ஐரின் ஜோசபின்’ போன்ற அவருடைய பாடல்களில் தெருவில் எதிர்ப்படும் மனிதர்கள்தான் நாயகர்கள். சபைக்கு ஒவ்வாத, தரக்குறைவான பாட்டு என்று படித்தவர்கள் பலர் ஒதுக்கினார்கள். சனம் ஒதுக்கவில்லை.

உலகத்தின் மறுகோடியிலும் இதே கதை நடந்தது. அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் ஆபிரிக்க வழிவந்த பியானோக் கலைஞர் ரொசெந்தோ மெந்திசாபல் 1897இல் ‘எல் என்ட்ரேரியானோ’ என்ற டாங்கோவை இயற்றினார். அந்த இசையையும் கௌரவமான வீடுகள் வாசலுக்கு வெளியே நிறுத்தின. மெந்திசாபல் 1913இல் வறுமையில் இறந்தார். 2009இல் யுனெஸ்கோ டாங்கோவை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

தமிழுக்கும் பைலா தூரமாக இருக்கவில்லை. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் வளர்த்த ஈழத்துப் பொப்பிசையில் அதன் துள்ளல் கலந்தது. ‘சுராங்கனி’ பாட்டை மனோகரன் கடல் கடந்து கொண்டுபோனார், 1977இல் அது ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற தமிழ்ப் படத்திலும் ஏறியது.

மொழியைச் சொல்லி மனிதரைப் பிரித்த நாடு இது. அதே நாட்டில் ஆபிரிக்கரின் தாளமும் பறங்கியரின் வயலினும் சிங்களத்தின் வரியும் தமிழின் குரலும் ஒரே பாட்டில் சேர்ந்திருக்கின்றன. எந்த அரசும் சட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. மேடை மறுக்கப்பட்டவர்கள் செய்தார்கள். ஆகவே தாளம் தட்டும் நம் பிள்ளைகளுக்குச் சிரம்பியடியின் பெயரையும் வோலி பஸ்தியனின் பெயரையும் சொல்லிக்கொடுப்பது நம் கடமை. இத்தனை காலம் இனாமாக அனுபவித்த இசைக்கு நாம் திருப்பிக் கொடுக்கக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது.